தீராச் சோர்வு நோயும் வைரஸும்: ஓர் எளிய விளக்கம்

மலேசியாவில் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் தோட்டப் பட்டணத்தில் டிங்கிக் காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு குறைவு. காய்ச்சல் விடும், ரத்தத் தட்டணுக்கள் ஏறும், எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரு சிலரால் மட்டும் முடிவதில்லை. ஆறு மாதம் கழித்தும், ஒரு வாளித் துணியைக் காயப்போட்டால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகப் பதில் வருகிறது.

அப்புறம் ஊர்ப் பேச்சு தொடங்குகிறது. "வேலைக்குப் போக மனசில்லை, அதான்" என்று ஒரு பக்கம். "ரத்தத்துல ஏதோ வைரஸ் தங்கிடுச்சு, தனியார் லேப்ல குடுத்தா கண்டுபிடிச்சிடுவாங்க" என்று இன்னொரு பக்கம். முதல் பேச்சு நோயாளியை அவமானப்படுத்துகிறது. இரண்டாவது அவருடைய சேமிப்பைக் கரைக்கிறது. இரண்டுமே தவறு. இந்த நோய்க்கு வைரஸ் காரணமா என்று உலகம் எப்படித் தேடியது, எங்கே சறுக்கியது, என்ன கற்றது என்பது தெரிந்தால் ஏன் தவறு என்பது தானாகவே விளங்கும்.

## எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்

உழைத்த களைப்பு எல்லாருக்கும் உண்டு. தூங்கி எழுந்தால் போய்விடும். நாம் பேசப்போவது அதைப் பற்றி இல்லை. தீராச் சோர்வு நோய் என்று இங்கே நான் சொல்வது, மருத்துவர்கள் எம்.இ. என்றும் சி.எஃப்.எஸ். என்றும் குறிக்கும் நோய். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015இல் அதற்குத் தெளிவான அடையாளங்களை வகுத்தது. முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்குச் சோர்வு ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். எவ்வளவு தூங்கினாலும் தெளிச்சி இருக்காது. இவற்றோடு யோசனை மந்தமாவதோ, எழுந்து நின்றால் தலை சுற்றிப் படபடப்பதோ சேர்ந்து வரும்.

எல்லாவற்றுக்கும் மேலான அடையாளம் ஒன்று உண்டு. உழைப்புக்குப் பிந்தைய சரிவு என்று அதைச் சொல்லலாம். சிறிய வேலை ஒன்றைச் செய்தபின் உடல் நிலை மொத்தமாக மோசமாவது அது. பெரும்பாலும் உடனே வராது, அரை நாள் முதல் இரண்டு நாள் வரை தள்ளி வரும். அதனால்தான் "நேற்றுக் கோயிலுக்கு வந்தாளே, நல்லாத்தானே இருந்தா?" என்ற கேள்வி பிறக்கிறது. கேட்டவர் பார்த்தது கோயிலுக்கு வந்த நாளை மட்டும். அடுத்த மூன்று நாள் அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததை அவர் பார்க்கவில்லை.

ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு ஒரு வகை மரத்தைத் தெரியும். இலை பச்சையாக இருக்கும், அடிமரம் பருத்து நிற்கும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. கத்தியை வைத்து இழுத்தால் பால் வராது, பட்டை காய்ந்து கிடக்கும். அளவுக்கு மீறி வெட்டிய மரத்துக்கும், பால் கூடுதலாக இறங்க மருந்து தடவித் தடவி வேலை வாங்கிய மரத்துக்கும் இப்படி ஆகும். இன்னும் வெட்டினால் இன்னும் கெடும். ஓய்வு கொடுத்தால் சில மரங்கள் தேறும், சில தேறுவதில்லை. இதற்கும் ஏதாவது கிருமி காரணமா என்று ரப்பர் ஆய்வாளர்கள் நெடுங்காலம் தேடினார்கள். எந்தக் கிருமியும் காரணம் என்று நிலைநாட்டப்படவில்லை. அதற்காக அந்த மரத்துக்கு நோயே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. மனிதருக்கும் அந்த நியாயத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

மரத்தைப் போலவே மனிதரிடமும் வேலை வாங்கிப் பார்த்தால்தான் குறை தெரிகிறது. நோயாளிகளை இரண்டு நாள் அடுத்தடுத்துச் சைக்கிள் மிதிக்கவைத்து, மூச்சில் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறார்கள் என்று அளக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. சாதாரணமாகச் சோம்பி இருப்பவர்கூட இரண்டாம் நாள் ஏறக்குறைய முதல் நாள் அளவைத் தொட்டுவிடுவார். இந்த நோயாளிகளில் பலருக்கு இரண்டாம் நாள் அளவு இறங்கிவிடுகிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ரத்தத்தில் இது தெரியாது. (இந்தச் சோதனையே சிலரை வாரக்கணக்கில் படுக்க வைத்துவிடும், அதனால் எல்லாருக்கும் செய்யும் சோதனை இல்லை.)

ஆக, நோய் உண்மை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

## வைரஸ் மேல் சந்தேகம் ஏன் வந்தது

இந்த நோய் சில ஊர்களில் கூட்டமாக வந்திருக்கிறது. 1934இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பொது மருத்துவமனை. 1948இல் ஐஸ்லாந்தின் அக்குரெய்ரி என்ற ஊர். 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் கிட்டத்தட்ட 300 ஊழியர்கள் நோயில் விழுந்து, ஜூலை முதல் அக்டோபர் வரை மருத்துவமனையையே மூட வேண்டிவந்தது. தொற்றுபோலப் பரவியதால் வைரஸாக இருக்கும் என்று நினைத்தது இயல்பு. எந்த வைரஸ் என்பது மட்டும் பிடிபடவில்லை.

பிடிபடாத அந்த இடைவெளியில்தான் அநியாயம் நடந்தது. 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள், ராயல் ஃப்ரீ நோயாளிகளை நேரில் பார்க்காமல் பழைய குறிப்புகளை வைத்தே, அது கூட்டத்தில் தொற்றிய மனப் பதற்றம் என்று எழுதினார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. அந்தக் கருத்து பல ஆண்டுகள் நிலைத்துவிட்டது. இன்று எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லப்படும் "எல்லாம் மனசுதான்" என்ற பேச்சுக்கும் அதில் பங்கு உண்டு.

1984, 85இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இன்க்ளைன் வில்லேஜ் என்ற சிற்றூரில் மறுபடியும் பலர் விழுந்தார்கள். இந்தத் தடவை சந்தேகம் எப்ஸ்டீன் பார் வைரஸ் மேல் விழுந்தது. இளம் வயதினருக்குத் தொண்டை வலி, கழுத்துக் கட்டி, காய்ச்சல் என்று வரும் சுரப்பிக் காய்ச்சலைத் தருவது அதுதான். விசாரித்த அரசுக் குழுவால் அதைக் காரணம் என்று உறுதி செய்ய முடியவில்லை. 1988இல் வைரஸின் பெயரை விட்டுவிட்டு, சோர்வை வைத்தே நோய்க்குப் பெயர் சூட்டினார்கள்.

## காரணம் என்று நிரூபிக்க என்ன வேண்டும்: நம் மாநிலத்து நிப்பா

ஒரு வைரஸைக் குற்றவாளி என்று நிரூபிப்பது எப்படி என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. 1998, 99ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் நெகிரி செம்பிலானில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிறகு பன்றிகளை ஏற்றி வந்த லாரிகளோடு நோய் சிக்காமாட், சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டுக் என்று நம் பக்கம் வந்தது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். காரணமில்லாமல் சொல்லவில்லை, சில நோயாளிகளின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் கிடைத்தது. எதிர்ப்பொருள் என்பது ஒரு கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் புரதம். கிருமி போனபின்னும் அது ரத்தத்தில் நீண்ட நாள் இருக்கும். புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

சில விஷயங்கள் உதைத்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும், இங்கே விழுந்தவர்கள் பெரியவர்கள். கொசு எல்லாரையும் கடிக்கும், இங்கே பன்றியோடு நெருங்கிப் பழகியவர்கள்தான் விழுந்தார்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே இருமி இருமிச் செத்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிப்பா. அதே வைரஸ் இறந்தவர்களின் மூளையில் இருந்தது, பன்றிகளிடமும் இருந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளை அழித்த பிறகு நோய் நின்றது. அதற்குள் நம் நாட்டில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்துவிட்டார்கள்.

இதில் இரண்டு வைரஸ்கள் கிடைத்தன என்பதைக் கவனியுங்கள். ஒன்றின் அடையாளம் ரத்தத்தில் இருந்தது, ஆனால் இந்த நோய்க்கு அது காரணம் இல்லை. மற்றது நோயாளிகளின் பாதிக்கப்பட்ட உறுப்பில் இருந்தது, நோய் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் கூடவே இருந்தது, அது வந்த வழியை அடைத்ததும் நோய் நின்றது. வைரஸ் ஒருவர் உடம்பில் இருப்பது வேறு, அந்த நோயை அதுதான் உண்டாக்கியது என்பது வேறு. மீதிக் கட்டுரை முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

## தீராச் சோர்வில் அது ஏன் அவ்வளவு கடினம்

நிப்பாவில் நோயாளி சில நாளிலேயே மருத்துவமனைக்கு வந்துவிட்டார், வைரஸும் உடலில் இருந்தது. தீராச் சோர்வில் நோயின் பெயரைச் சொல்லவே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தொடங்கிவைத்த வைரஸ் அதற்குள் உடலை விட்டுப் போயிருக்கலாம்.

இன்னொரு சிக்கல் எப்ஸ்டீன் பார் போன்ற வைரஸ்களால் வருவது. உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைச் சுமந்துகொண்டிருக்கிறோம். ஒருமுறை உள்ளே வந்தால் சில ரத்த அணுக்களுக்குள் உறங்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்க இருக்கும். தனியார் லேப்பில் பல நூறு வெள்ளி கட்டி எதிர்ப்பொருள் சோதனை செய்தால் "இருக்கிறது" என்றுதான் வரும். செலவு செய்தவருக்கும் வரும், பக்கத்தில் நிற்கும் ஆரோக்கியமான தம்பிக்கும் வரும்.

எல்லாரிடமும் இருக்கும் ஒன்று சிலருக்கு மட்டும் நோய் தர முடியுமா? முடியும். ஆனால் நிரூபிக்க மிகப் பொறுமையான ஆய்வு தேவை. நரம்புகளின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளையும், அவர்களிடம் சேமித்து வைத்திருந்த ரத்தத்தையும் ஆராய்ந்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். எப்ஸ்டீன் பார் தொற்று வந்தபின் அந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. மற்ற வைரஸ்களுக்கு அப்படிக் கூடவில்லை. நோய்க்கு முன் எடுத்த ரத்தம் கையில் இருந்ததால்தான் எது முதலில் வந்தது என்று சொல்ல முடிந்தது. தீராச் சோர்வுக்கு இந்த அளவுக்குப் பெரிய சான்று இன்னும் இல்லை.

## 2009: எல்லாரும் நம்பிய ஒரு வைரஸ்

2009 அக்டோபரில் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை உலகம் முழுக்க நோயாளிகளை எழுந்து உட்கார வைத்தது. நெவாடாவின் ரீனோ நகரத்து ஆய்வுக் குழு ஒன்று, எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸை 101 நோயாளிகளில் 68 பேரிடம் கண்டதாகச் சொன்னது. ஆரோக்கியமானவர்கள் 218 பேரில் 8 பேரிடம்தான் அது இருந்ததாம். எச்.ஐ.வி.யைப் போல இதுவும் ரெட்ரோ வைரஸ் வகை, அதாவது தன் மரபுக் குறிப்பை நம் உயிரணுவின் மரபுக்குள்ளேயே செருகிவிடும் வகை.

பல ஆண்டுகள் "உனக்கு ஒன்றுமில்லை" என்று கேட்டே சலித்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிலர் எச்.ஐ.வி. மருந்துகளையே வாங்கிச் சாப்பிட்டார்கள். கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் இந்த நோயாளிகள் ரத்த தானம் செய்வதைத் தடுத்தன.

மற்ற ஆய்வுக்கூடங்கள் தேடியபோது வைரஸ் கிடைக்கவில்லை. 2010 ஜனவரியில் லண்டனில் 186 நோயாளிகளைச் சோதித்தார்கள், ஒருவரிடமும் இல்லை. அப்படியானால் முதல் குழு கண்டது என்ன? இதைப் புரிந்துகொள்ள பி.சி.ஆர். சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே சோதனை. மாதிரியில் இருக்கும் மிகச் சிறிய மரபுத் துணுக்கைப் பிரதிக்கு மேல் பிரதி எடுத்து, கண்டறியும் அளவுக்குப் பெருக்குவது அது. அதன் பலம்தான் அதன் ஆபத்தும். நோயாளியின் ரத்தத்தில் இருந்ததைப் பெருக்குவதுபோலவே, ஆய்வுக்கூடத்து மேசையிலிருந்தோ ரசாயனப் புட்டியிலிருந்தோ கலந்த துணுக்கையும் அது பெருக்கிவிடும். எக்ஸ்.எம்.ஆர்.வி. எலி வைரஸ்களின் உறவு. எலியிலிருந்து எடுத்த பொருள்கள் ஆய்வுக்கூடங்களில் சர்வ சாதாரணம்.

2011இல் அந்த வைரஸின் பிறப்பே தெரியவந்தது. 1990களில் மனிதப் புரோஸ்டேட் புற்றுநோய்த் திசுவை எலிகளின் உடலில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். அப்போது இரண்டு எலி வைரஸ்களின் துண்டுகள் தற்செயலாக ஒட்டிக்கொண்டு உருவானதுதான் எக்ஸ்.எம்.ஆர்.வி. இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். இன்க்ளைன் வில்லேஜில் மக்கள் நோயில் விழுந்தது 1984, 85இல். அவர்கள் விழுந்தபோது அந்த வைரஸ் உலகத்திலேயே இல்லை.

அதே ஆண்டு ஒன்பது ஆய்வுக்கூடங்களுக்கு, எது யாருடைய ரத்தம் என்று சொல்லாமல் எண் மட்டும் ஒட்டி மாதிரிகளை அனுப்பினார்கள். எந்த ஆய்வுக்கூடத்தாலும் நோயாளியின் ரத்தத்தையும் மற்றவர் ரத்தத்தையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2011 டிசம்பரில் 'சயின்ஸ்' அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயன் லிப்கின் தலைமையில், 147 நோயாளிகளையும் 146 ஆரோக்கியமானவர்களையும் வைத்து, முதல் கட்டுரையை எழுதியவர்களையும் சேர்த்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை தேடினார்கள். தொடர்பே இல்லை என்று முடிந்தது.

இந்தக் கதையை "பார்த்தீர்களா, வைரஸும் இல்லை, நோயும் இல்லை" என்று சொல்ல இன்றும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம். பொய்யானது ஒரு வைரஸ் மீது வைத்த குற்றச்சாட்டு. படுக்கையில் கிடந்தவர் அன்றும் படுக்கையில்தான் கிடந்தார்.

## டப்போ: வேறு வேறு கிருமி, ஒரே முடிவு

அத்தனை விளம்பரம் கிடைக்காத ஓர் ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. என் பார்வையில் அதுதான் இந்த விஷயத்தில் மிகத் தெளிவான வெளிச்சம். நியூ சவுத் வேல்ஸில் டப்போ என்ற நாட்டுப்புறப் பட்டணம். பெரிய நகரத்துக்குத் தொலைவில், சுற்றிலும் ஆடு மாடும் விளைநிலமுமாக இருக்கும் இடம்.

அங்கே ஆய்வாளர்கள் நோய் முற்றியவர்களைத் தேடிப் போகவில்லை. தொற்று வந்த நாளிலிருந்தே 253 பேரைப் பின்தொடர்ந்தார்கள். சிலருக்கு எப்ஸ்டீன் பார். சிலருக்குக் கொசுவால் பரவும் ராஸ் ரிவர் வைரஸ். சிலருக்கு ஆடு மாட்டிலிருந்து வரும் கியூ காய்ச்சல், அது வைரஸே இல்லை, பாக்டீரியா. 2006இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்தும் சுமார் 12 விழுக்காட்டினர் தீராச் சோர்வில் இருந்தார்கள். மூன்று கிருமிகளுக்கும் ஏறக்குறைய அதே கதை. யாருக்கு நீடித்தது என்று பார்த்தால், முதலில் வந்த காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான் முன்கூட்டியே காட்டியது. அவரவர் மனப்போக்கை வைத்து அதைச் சொல்ல முடியவில்லை.

அதாவது, இத்தனை காலம் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடியதே பலன் தராமல் போனதற்குக் காரணமாக இருக்கலாம். பல கிருமிகள் அதே கதவைத் திறக்கின்றன. டிங்கிக்குப் பிறகும் இதுபோன்ற சோர்வு பதிவாகியிருக்கிறது. சிங்கப்பூரில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த டிங்கி நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இரண்டு மாதம் கழித்தும் சோர்வு இருந்தது. இரண்டு மாதச் சோர்வு எல்லாம் தீராச் சோர்வு நோய் ஆகிவிடாது, பலர் தேறிவிடுவார்கள். கோவிடுக்குப் பிறகு இதே அடையாளங்களோடு உலகெங்கும் மக்கள் வரத் தொடங்கியதும்தான் இந்த ஆய்வுகளுக்குப் பணமும் கவனமும் கொஞ்சம் வந்தன.

## கிருமி போனபின் உள்ளே என்ன நடக்கிறது

இங்கே இன்னும் விவாதம் நடக்கிறது. வைரஸின் மிச்சம் குடல் போன்ற திசுக்களில் தங்கி எதிர்ப்புச் சக்தியை ஓயவிடாமல் செய்கிறது என்பது ஒரு கருத்து. புதிய தொற்றின் குழப்பத்தில், உறங்கிக்கொண்டிருந்த எப்ஸ்டீன் பார் போன்ற பழைய வைரஸ் விழித்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்குகிறது என்றும் சந்தேகித்தார்கள். அதை நம்பி நார்வேயில் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை 151 பேரிடம் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவில், மருந்து பெற்றவர்களுக்கும் மருந்தில்லாத நீர் பெற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2025இல் எடின்பரோ பல்கலைக்கழகக் குழு 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து, எட்டு இடங்களில் மற்றவர்களைவிட மாறுபாடு இருப்பதாக முதற்கட்ட முடிவை வெளியிட்டது. அவற்றில் சில தொற்றை எதிர்க்கும் ஆற்றலோடும் நரம்பு மண்டலத்தோடும் தொடர்புடையவை.

## கிளினிக்குக்குப் போகும்போது

வைரஸைத் தேடிச் செலவு செய்வதற்கு முன், சிகிச்சை உள்ள வேறு காரணங்களைத் தேடச் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு, இனிப்புநீர், காசநோய், சிறுநீரகக் கோளாறு, உறக்கத்தில் மூச்சு அடைபடுவது, மனச்சோர்வு எல்லாமே ஆளைச் சாய்க்கும். அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் இவற்றில் பலவற்றைப் பார்க்க முடியும். இந்த நோய்க்கென்று ஒரு வைரஸ் சோதனையோ, அதை ஒழிக்கும் மருந்தோ இன்று இல்லை. உண்டு என்று விற்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

"கொஞ்சம் கொஞ்சமா நடையைக் கூட்டு, சரியாயிடும்" என்று அண்ணன்மாரும் மாமாக்களும் அன்போடுதான் சொல்கிறார்கள். முன்பு மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021இல் அந்த ஆலோசனையைத் தன் வழிகாட்டியிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது சொல்வது, சரிவு வராத அளவு எது என்று கண்டுபிடித்து அதற்குள் நிற்பது. சமையலை உட்கார்ந்து செய்வது, ஒரே நாளில் துணியும் சந்தையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது, விசேஷ வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்னும் பின்னும் ஓய்வு நாள் ஒதுக்குவது. இதற்கு வீட்டில் உள்ளவர்களின் ஒத்துழைப்பு வேண்டும். முக்கியமாக, நோயாளி நல்லாயிருக்கும் நாளில் விட்டுப்போன வேலையை எல்லாம் அவர் தலையில் கட்டாமல் இருக்க வேண்டும்.

டாக்டரிடம் "ரொம்பக் களைப்பா இருக்கு" என்று மட்டும் சொன்னால் வைட்டமின் மாத்திரையோடு திரும்ப நேரிடும். தொடக்கத்தில் என்ன காய்ச்சல் வந்தது, எந்த மாதம், எத்தனை நாள் என்று எழுதி எடுத்துப் போங்கள். கூடவே, "செவ்வாய்க்கிழமை கடைக்கு நடந்து போனேன், அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, புதன்கிழமை மத்தியானத்திலிருந்து எழ முடியவில்லை, வெள்ளிக்கிழமைதான் குளித்தேன்" என்று நாள் வாரியாகக் குறித்துக் காட்டுங்கள். அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அடையாளம் அந்தக் குறிப்பில் இருக்கிறது.